காமுத்தாய் உருவிய துரும்பு

நெருஞ்சிப்பட்டியில் ஒரு காலத்தில் செருப்பு வார் அறுந்ததில்லை, கிணற்றுக் கயிறு அறுந்ததில்லை, மல்லிகை மொட்டு காம்பை விட்டுக் கையோடு வந்ததில்லை, ஊரில் ஒருத்தர் தலைமயிரும் தரையில் விழுந்ததில்லை என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அந்த நாளில் ஊரே சிரித்துக்கொண்டுதான் இருந்தது, அந்தச் சிரிப்பு எப்போது தொண்டையில் நின்றது என்பதுதான் கதை.

எல்லாம் 'அத்தது' என்ற சொல்லில் ஆரம்பித்தது. படித்தவர்களைக் கேட்டால் அறுந்தது, முறிந்தது, இல்லாமற்போனது என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். நெருஞ்சிப்பட்டியில் அப்படிச் சுளுவாகப் போக முடியாது. மாடு கயிற்றை அத்துக்கொண்டு ஓடும், சித்திரையில் ஓடைத்தண்ணீர் அத்துப்போகும், கன்றுக்குட்டியைப் பால் அத்துவிடுவார்கள், வேலித் தகராறில் அண்ணன் தம்பி பேச்சு அத்துப்போகும். ஆனால் தாலிக்கயிறு நைந்து விழுந்தால் மட்டும் எந்தப் பெண்ணும் அந்தச் சொல்லை நாக்கில் வைக்க மாட்டாள், 'பெருகிருச்சு' என்று சொல்லிப் புதுக் கயிறு மாற்றிக்கொள்வாள். தாலி விஷயத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் பாத்தியதை. அவர் அம்பலம் சின்னக்கருப்பு, ஊர்த் தலைவர். அவரும் ஊர் கூடுகிற மந்தை வேப்பமரத்தடியில், புருசன் ஒரு நுனியும் பெண்டாட்டி ஒரு நுனியுமாகப் பிடித்து இழுக்கிற வைக்கோல் துரும்பு முறிந்த பிறகு, ஒரே ஒரு தரம் சொல்வார். அதோடு சரி. அவன் செத்தால் அவளுக்குத் தீட்டில்லை, அவள் செத்தால் அவனுக்கு மொட்டையில்லை.

அன்றைக்கு மந்தைக்கு வந்த வழக்கு லாரி டிரைவர் தவமணிக்கும் அவன் பெண்டாட்டி ஒச்சம்மாவுக்கும். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. தவமணி மாசத்தில் பாதி நாள் நாக்பூர் ரோட்டில் கிடப்பான், மிச்ச நாள் கீழத்தெரு ரஞ்சிதம் வீட்டில் கிடப்பான், இப்போது ரஞ்சிதத்துக்கு வயிறு முன்னால் தள்ளிவிட்டது, வயிற்றுப் பிள்ளைக்கு ஊர் அறியத் தகப்பன் வேண்டும். பிள்ளை குட்டி இல்லாத ஒச்சம்மாவும் மறுத்துப் பேசவில்லை. "அத்துவிடச் சொல்லுங்க, நான் எங்க அண்ணன் ஊரைப் பாத்துப் போறேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். அவள் அழுவதைப் பார்க்க வேலையைப் போட்டுவிட்டு வந்த பெண்டுகளுக்குப் பெரிய ஏமாற்றம்.

துரும்பு அந்த வீட்டு வைக்கோல் படப்பிலிருந்துதான் வரவேண்டும், அதை வீட்டுக்கு மூத்தவர்தான் உருவ வேண்டும் என்பது முறை. அந்த வீட்டுக்கு மூத்தவள் தவமணியின் ஆத்தா காமுத்தாய். கிழவியைப் போய் எடுத்து வரச் சொன்னார்கள். போனவள் போனவள்தான், படப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றை உருவி மோந்து பார்த்துப் போட்டு, இன்னொன்றை உருவி நீவிப் பார்த்துப் போட்டு, வெயில் உச்சிக்கு வருகிற நேரத்துக்கு ஒரு துரும்பைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டு வந்தாள்.

"என்ன ஆத்தா, துரும்புக்கா பொண்ணு பாத்த?" என்றார் அம்பலம்.

"எம் மருமவளுக்குக் குடுக்கிறது, நல்லதாத்தானே குடுக்கணும்" என்றாள் காமுத்தாய், வேப்பமரத்தைப் பார்த்து.

வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. காமுத்தாயும் ஒச்சம்மாவும் நேருக்கு நேர் பேசி வருசக் கணக்காகிறது. கல்யாணமான புதிதில் ஒரு அயிரைமீன் குழம்பில் உப்புக் கூடிப்போனதில் வந்த சண்டை. அன்றிலிருந்து ரெண்டு பேரும் வீட்டில் நிற்கிற வெள்ளாட்டின் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். "ஏண்டி வெள்ளச்சி, கல்லு மாதிரி களி கிண்டுனவளுக்குக் கை வலிக்கலையான்னு கேளு" என்பாள் மாமியார். "கல்லு மாதிரி இருந்தது ரெண்டு உருண்டை எப்பிடி எறங்குச்சுன்னு நீயே கேளு வெள்ளச்சி" என்பாள் மருமகள். வெள்ளச்சிகள் செத்துச் செத்து அவற்றின் பேத்திகள் வெள்ளச்சிகளாகி வந்தன. சண்டை மட்டும் அதே சண்டை. காலையில் மாமியாருக்கு மருமகள் தலை வாரி விடும்போதும் சண்டை, வாரி முடித்துக் கொண்டை போட்ட பிறகும் சண்டை.

போகட்டும். அம்பலம் கனைத்தார். தவமணி ஒரு நுனி, ஒச்சம்மா ஒரு நுனி. "இழுங்கப்பா" என்றார். அவர்கள் இழுத்தார்கள். அம்பலம், எத்தனையோ துரும்பு முறியப் பார்த்த மனிதர், வெயில் வேறு மண்டையைப் பிளக்கிறது, வீட்டில் கோழிக் குழம்பு வேறு, முறிகிற சத்தம் காதில் விழுமுன்பே வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

"அத்தது!"

துரும்பு முறியவில்லை.

கூட்டம் சிரித்தது. "லாரி ஸ்டியரிங்கைப் பிடிக்கிற கையா இது?" என்று ஒருத்தர் கேட்டார். மறுபடி இழுத்தார்கள். துரும்பு விண்ணென்று நின்றது. அம்பலத்தின் மச்சினன் வந்து இழுத்தான், கபடிக்காரப் பயல்கள் பக்கத்துக்கு நாலு பேராக இழுத்தார்கள், ஒரு நுனியில் கயிற்றைக் கோத்து வேப்பமரத்தில் கட்டி, மறு நுனியை வாடிவாசலில் யாருக்கும் பிடிபடாத கோயில் காளையின் கழுத்தில் பூட்டி விரட்டினார்கள். வேப்பமரம் வேரோடு ஒரு முழம் நகர்ந்தது, நம்பாதவர்கள் இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம், மரத்துக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருக்கிறது. துரும்பில் ஒரு கீறல் இல்லை.

"சரி, இன்னொரு நாள் பாப்போம்" என்று துரும்பை மந்தைக் கோயில் மாடத்தில் வைத்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு கூழாங்கல்லையும் வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். முறியும் வரைக்கும் இவள் இந்த வீட்டு மருமகள்தான் என்பதால் ஒச்சம்மா கட்டிய துணி மூட்டையை அவிழ்த்து மறுபடி கொடியில் போட்டாள். தவமணி ரஞ்சிதம் வீட்டுக்குப் போனான். அதாவது, எதுவும் மாறவில்லை.

மாறியது என்னவென்று ஊருக்குத் தெரிய ஒரு வாரம் ஆயிற்று. அறுந்துபோகிற பருவத்தில் இருந்த செருப்புகள் அறாமல் உழைத்தன. இற்றுப்போன கிணற்றுக் கயிறு குடம் குடமாக நீர் இழுத்துக்கொண்டே இருந்தது. பையன்களின் பட்டம் எத்தனை காற்றிலும் நூலை விடவில்லை. நைந்துபோன ஒரு டவுன் பஸ்ஸின் பெல்ட்டு கூட நெருஞ்சிப்பட்டி டிரைவர் ஓட்டினால் தாங்கியது. அம்பலம் சொன்ன சொல் வெட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டு, ஊரில் வெட்டுகிற எல்லாவற்றுக்கும் பல்லைப் பிடுங்கி விட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள், பேசிக்கொண்டு, சந்தோஷமாக, ஆளுக்கு இன்னொரு டீ சொன்னார்கள்.

பிறகு மல்லிகை. அந்த ஊருக்கு மல்லிகைதான் சோறு. விடியுமுன் பெண்கள் மடியைக் கட்டிக்கொண்டு மல்லிகைக் காட்டில் இறங்கினால் கிள்ளக் கிள்ள மொட்டு வரவேண்டும், வரவில்லை. நகத்தால் கிள்ளினார்கள், பல்லால் கடித்தார்கள், செடி வேரோடு ஆடியதே தவிர ஒரு மொட்டு கையில் வரவில்லை. பூ மார்க்கெட் வேன் வந்து, ஹாரன் அடித்துப் பார்த்து, வெறுமனே திரும்பியது. பறிக்காத மொட்டெல்லாம் செடியிலேயே மலர்ந்து, மலர்ந்தது உதிராமல், அதன் பக்கத்தில் புதுசு மலர்ந்து, காடு முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகி, அந்த வாசம் ஊருக்குள் புகுந்து சோற்றில், தண்ணீரில், தலையணையில் எல்லாம் ஏறி, ஜனங்கள் தலைவலித் தைலத்தை மூக்கில் தடவிக்கொண்டு நடமாடினார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கத்தி ஆட்டின் கழுத்தில் இறகு மாதிரி தடவிக்கொண்டு போனது. ஆடு கூச்சத்தில் நெளிந்தது. தாடியும் முடியுமாக ஆண்கள் எல்லாம் காசிக்குப் போய்வந்த மாதிரி ஆனார்கள். நகம் வளர்ந்து சோற்றை உருட்ட முடியவில்லை. அம்பலத்தின் மச்சினன், இது ஊருக்குள் இருக்கிற வரைக்கும்தானே என்று டவுன் சலூனுக்குப் போய் உட்கார்ந்தான். அங்கே கத்திரிக்கோலின் கண்தான் ஒடிந்தது, அவன் போன முடியோடு திரும்பி வந்தான். ஊர் எல்லைக்கு வெளியே போனாலும் நெருஞ்சிப்பட்டிக்காரன் நெருஞ்சிப்பட்டிக்காரன்தான் என்று அப்போது தெரிந்தது.

அப்போதும் ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். எதற்குத்தான் பழகவில்லை மனிதர்கள்? மல்லிகைச் செடியைத் தொட்டியோடு விற்கலாமா என்று பேசினார்கள். கல்யாணப் பெண் பூச்சூட வேண்டுமென்றால் அவளைக் காட்டுக்குக் கூட்டிப்போய் செடி ஓரமாகத் தலை சாய்த்து உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள். 'அத்தது' என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்லவில்லை. ஓடைத்தண்ணீர் வற்றினால் "தண்ணி உள்ள போயிருச்சு" என்றார்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றால் "அவுக கொஞ்சம் தூரமா பேசிக்கிறாக" என்றார்கள்.

சிரிப்பு தொண்டையில் நின்றது வெள்ளச்சி குட்டி போட்ட அன்றைக்கு.

காலை இளவெயிலில் தொழுவத்தில் குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது, நல்ல கறுப்புக் குட்டி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ஒச்சம்மா வைக்கோலால் துடைத்துவிட்டாள். வெள்ளச்சி நக்கிக் கொடுத்தது, பிறகு எல்லா ஆடும் செய்கிற மாதிரி தொப்புள்கொடியைக் கடித்தது. கடித்தது, கடித்தது, கடித்துக்கொண்டே இருந்தது. கொடி அறவில்லை. ஒச்சம்மா அரிவாளைக் கொண்டு வந்தாள். அரிவாள் வழுக்கியது. குட்டி நாலு காலையும் பரப்பிக்கொண்டு எழுந்து நின்று, ஒரு எட்டு வைத்தது. கொடி இழுத்ததில் ஆத்தா "ம்மே" என்று கத்தியது. குட்டி பயந்து மறுபக்கம் துள்ளியது. ஆத்தா மறுபடி கத்தியது. ஒன்றை ஒன்று சுற்றிச் சுற்றி, ரெண்டும் கத்திக் கத்தி, பார்க்கச் சகிக்கவில்லை.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த காமுத்தாய் வெற்றிலை இடிப்பதை நிறுத்தினாள். இப்போது ஆட்டிடம் சொல்லவும் முடியாது. ஆடு படுகிற பாடு வேறு. உரலைப் பார்த்துச் சொன்னாள்:

"கீழத்தெருக்காரிக்கு இது எந்த மாசம்னு கேளு."

"நெறமாசம்னு சொல்லு" என்றாள் ஒச்சம்மா.

செய்தி மதியத்துக்குள் ஊரைச் சுற்றி வந்தது. வந்து, எல்லார் கண்ணும் ஒரே இடத்தில் நின்றது: ஒச்சம்மா. துரும்பு முறிந்தால் எல்லாம் முறியும். துரும்பு ஏன் முறியவில்லை? இவள் மனசு விடவில்லை. வாயில் விட்டேன் என்கிறாள், உள்ளே புருசனைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர்க் குழாயடியில் அவள் குடம் வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்துகொண்டன.

"ஏத்தா ஒச்சம்மா, ஒனக்கென்ன, வயசா இல்லை? விட்டுரு தாயி."

"நான் எங்க பிடிச்சிருக்கேன்? கையைப் பாருங்க" என்று விரித்துக் காட்டினாள்.

"கையில இல்லத்தா. உள்ள."

உள்ளே எப்படிப் பார்ப்பது? ஒச்சம்மா பார்த்தாள். பாத்திரம் விளக்கும்போது பார்த்தாள், படுத்துக்கொண்டு பார்த்தாள். தவமணியின் பழைய சட்டை ஒன்று பரணில் கிடந்தது, அதை எடுத்து மோந்தாள். டீசல் வாடை வந்தது, அழுகை வரவில்லை. அவன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். லாரியின் முகம்தான் வந்தது, நெற்றியில் எலுமிச்சம்பழம் கட்டிய லாரி. அவன் வந்து நின்ற நாட்களை விட அவன் வரவில்லையே என்று மாமியார் வைக்கிற ஒப்பாரிதான் அவளுக்கு அதிகம் ஞாபகம் இருந்தது. சட்டையை அடுப்பில் போட்டாள். நன்றாக எரிந்தது. சாம்பலை ஓடையில் கரைத்துவிட்டு, குளித்துவிட்டு, நேரே தொழுவத்துக்குப் போய்ப் பார்த்தாள். கொடி அப்படியே இருந்தது. குட்டி ஆத்தாளின் வயிற்றோடு ஒட்டிப் படுத்துப் பழகிவிட்டிருந்தது. ஆடு பழகிக்கொள்ளும். பச்சைப் பிள்ளை?

அந்தப் பயம் அவளைத் தின்றது. ரஞ்சிதத்தின் மேல் அவளுக்குப் பிரியம் ஒன்றும் கிடையாது. ஆனால் வயிற்றில் கிடப்பது எவர் சோற்றில் கல்லைப் போட்டது? அதற்கு ஒன்று ஆனால், துரும்பைப் பிடித்திருந்தவள் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வது கிடக்கட்டும், அவளே சொல்லிக்கொள்வாள்.

அந்த நாளும் வந்தது, பட்டப்பகலில். கீழத்தெருவிலிருந்து சத்தம் கேட்டபோது ஒச்சம்மா மாமியாருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு கையில் இருக்க அப்படியே ஓடினாள். ரஞ்சிதம் வீட்டு வாசலில் ஊரே கூடி நின்றது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமில்லாமல் வலி வந்துவிட, சுகாதார நிலையத்து நர்ஸ் ஸ்டெல்லா உள்ளே இருந்தாள். பிள்ளை பிறந்துவிட்டது. கத்துகிற சத்தம் கேட்டது, நல்ல ஆண்பிள்ளைச் சத்தம். ஆனால் ஸ்டெல்லா வெளியே வந்தபோது அவள் கையில் பிள்ளை இல்லை, கத்திரிக்கோல் இருந்தது. அதன் ரெண்டு அலகும் மழுங்கி, கரண்டி மாதிரி வளைந்திருந்தது.

"எல்லாத்தையும் பாத்தாச்சு. பிளேடும் வெட்டலை" என்றாள். "நஞ்சுக்கொடியும் வரலை, தொப்புள்கொடியும் அறலை. இப்பிடியே விட்டா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்குனாலும் அங்க மட்டும் கத்தி எறங்கவா போகுது? என்ன செய்யணுமோ அதை இங்கயே செய்ங்க, சீக்கிரம் செய்ங்க."

உள்ளேயிருந்து ரஞ்சிதம், "அக்கா... ஒச்சக்கா..." என்று கூப்பிட்டாள். முன்னே பின்னே அவள் ஒச்சம்மாவை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை.

தவமணி மந்தைக்கு ஓடித் துரும்பை எடுத்துக்கொண்டு வந்தான். தாடியும் சடையுமாக வந்து ஒச்சம்மா காலில் தொப்பென்று விழுந்தான். "ஒச்சு, என்னைச் செருப்பால அடி, எம் பிள்ளையை விட்டுரு."

"எந்திரிய்யா, எந்திரிச்சுப் பிடி" என்றாள் ஒச்சம்மா.

தெருவில் நின்று இழுத்தார்கள். அவன் அழுதுகொண்டு இழுத்தான், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள், கால் கட்டைவிரல் மண்ணில் புதைய இழுத்தாள், உள்ளே பிள்ளை கத்திக் கத்திக் குரல் கம்மிக்கொண்டு வந்தது, அம்பலம் இந்தத் தடவை அவசரப்படாமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். துரும்பு விண்ணென்று நின்றது.

"விட்டுட்டேன்! விட்டுட்டேன், விட்டுட்டேன்!" என்று ஒச்சம்மா ஆகாசத்தைப் பார்த்துக் கத்தினாள். "எனக்கு இவன் வேணாம். எனக்கு இவனோட ஒண்ணுமே இல்லை. பிறகு எது என்னைப் பிடிக்குது?"

கேட்டுக்கொண்டு திரும்பியவள் பார்த்தாள். கூட்டத்துக்குப் பின்னால், பாதி வாரிய தலையோடு, பாதி நரைமுடி ஒரு தோளிலும் கொண்டை ஒரு பக்கத்திலுமாக, கம்பை ஊன்றிக்கொண்டு காமுத்தாய் நின்றாள். கம்பைப் பிடித்த கை சும்மா இருந்தது. மற்றொரு கையை மட்டும் மடியில் வைத்து, விரல் முட்டிகள் வெளுக்க இறுக்கி மூடியிருந்தாள். துரும்பு இந்தப் பக்கம் இழுபடும்போதெல்லாம் அந்த முட்டி அந்தப் பக்கம் இழுத்தது.

ஒச்சம்மா ஆட்டைத் தேடவில்லை, உரலைத் தேடவில்லை.

"அயித்தே" என்றாள். "நீயா?"

கூட்டம் விலகியது. காமுத்தாய் வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினாள்.

"ஆமா, நாந்தேன். என்னை எவன் கேட்டீக? துரும்பை உருவிட்டு வான்னு ஏவுனீகளே, ஒரு வார்த்தை கேட்டீகளா? இவன் இவளை அத்துவிடுறானாம். மாசத்துக்கு நாலு நாள் வந்து துணியைத் துவைக்கப் போட்டுட்டுப் போறவனுக்கு என்னடா நட்டம்? இவ போனா என்னையவில்ல அத்துட்டுப் போறா? நான் எவகூடச் சண்டை போடுவேன்? யாரு தலையை வாருவா? செத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே யாருடா எனக்கு வாயில பால் ஊத்துவா? இவனா? இவன் நாக்பூர்ல இருப்பான்!"

"ஆத்தா, மாமியாளுக்கும் மருமவளுக்கும் துரும்பு போடுற வழக்கம் நம்ம ஊர்ல இல்லையே..." என்று அம்பலம் தலையைச் சொறிந்தார். சொறிவதற்கு நிறைய முடி இருந்தது.

"போடச் சொல்லி எவன் கேட்டான்? தள்ளு."

அவள் கம்பைப் போட்டுவிட்டு நடந்து வந்தாள். எல்லாரும் அவள் நடுவில் கை வைத்துத் துரும்பைப் பறிப்பாள் என்று நினைத்தார்கள். அவள் ஒச்சம்மா பக்கம் போய் நின்று, ஒச்சம்மா பிடித்திருந்த நுனியைத் தானும் பிடித்தாள். கிழவியின் சில்லென்ற விரல் ஒச்சம்மாவின் விரல் மேல் உட்கார்ந்தது.

"இப்ப இழுடா" என்றாள் காமுத்தாய் மகனிடம்.

தவமணிக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவன் கை தளர்ந்தது.

"ஆத்தா... ஒன்னையவா?"

"என்னையத்தேன்."

"நான் ஓம் மகன் ஆத்தா."

"அது எனக்குத் தெரியாதா? ஓங் கொடி அத்த அன்னைக்கு நீ இதைவிடப் பெருசாக் கத்துன. இழு. அங்க ஒருத்தன் கத்துறான் பாரு."

இதுவரைக்கும் இழு இழு என்று இழுத்தவன் இப்போது இழுக்க மாட்டாமல் நின்றான். அவன் முகத்தைப் பார்த்தால் லாரி முகம் இல்லை, ஊர்த் திருவிழாவில் கூட்டத்தில் கையை விட்ட பிள்ளையின் முகம். ஒச்சம்மா அதை முதல் தடவையாகப் பார்த்தாள், பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். உள்ளே பிள்ளையின் சத்தம் ஒருமுறை நின்றது. மறுபடி கேட்டது, சன்னமாக, பூனைக்குட்டி மாதிரி.

தவமணி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான்.

எள்ளுக்காய் வெயிலில் வெடிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். காளையும் கபடிக்காரர்களும் இழுத்து முறியாத துரும்பு, கையில் பிடித்தது தெரியாமல் ரெண்டாக இருந்தது.

அம்பலம் முறிந்த துரும்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒச்சம்மாதான் அவர் முழங்கையில் இடித்து, "சொல்லுங்கய்யா!" என்றாள்.

"அத்தது" என்றார் அம்பலம், அழுகிற குரலில்.

உள்ளே ஸ்டெல்லாவின் பிளேடு இறங்கியது, பிள்ளை வீடு இடிகிற மாதிரி கத்தியது, அதே நேரத்தில் தெருவில் நின்ற அத்தனை பேர் செருப்பு வாரும் பட்டுப் பட்டென்று அறுந்தன, கிணற்றில் கயிறு அறுந்து குடம் விழுந்த சத்தம் கேட்டது, வேப்பமரம் பாக்கி வைத்திருந்த பழுப்பையெல்லாம் ஒரே உதிர்ப்பில் உதிர்த்தது, தொழுவத்தில் கறுப்புக்குட்டி ஆத்தாளை விட்டு நாலு துள்ளுத் துள்ளியது, காட்டில் இத்தனை நாள் மலர்ந்து நின்ற மல்லிகை முழுவதும் ஒரே நேரத்தில் விழுந்ததில் தரை தெரியவில்லை. ஜனங்கள் வெறுங்காலோடு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், அவரவர் தாடியைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

தவமணி மட்டும் பாதித் துரும்போடு தெருவில் நின்றான். "ஆத்தா" என்று கூப்பிட்டான். காமுத்தாய்க்குக் காது நன்றாகக் கேட்கும். அவள் திரும்பவில்லை, கூப்பிட்டது பக்கத்து ஊர்க்காரர் யாரையோ என்பது மாதிரி நடந்தாள். அத்தது என்றால் இப்படியா, இவ்வளவு சுத்தமாகவா என்று ஒச்சம்மா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வீடு கிழவி பேரில் இருந்தது, மருமகளாகவோ மற்றென்னவாகவோ ஒச்சம்மா எங்கேயும் போகவேண்டியிருக்கவில்லை. அண்ணன் ஊருக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்கக்கூட அவளுக்கு அன்றைக்குத் தெம்பில்லை. சாயங்காலம் மாமியாரை வாசற்படியில் உட்கார வைத்து, பாதியில் விட்ட தலையை வாரி முடித்துக் கொண்டை போட்டாள். பிறகு தொழுவத்துப் பக்கம் போய், யாரும் பார்க்கவில்லை என்று சுற்றிப் பார்த்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த, தானும் கிழவியும் பிடித்த பாதித் துரும்பை எடுத்தாள். ரெண்டு கையிலும் பிடித்து மெல்ல வளைத்தாள். வளைந்தது. இன்னும் கொஞ்சம் வளைத்தாள். முறியவில்லை. இன்னும் பலமாக இழுத்துப் பார்க்கலாம்தான். முறிந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம், முறியாமல் இருந்தால் என்ன செய்வது என்று இன்னொரு பயம். ரெண்டு பயத்துக்கும் நடுவில் நின்றுவிட்டுத் துரும்பைத் திரும்ப இடுப்பில் செருகினாள்.

வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

"ஏண்டி வெள்ளச்சி, இழுத்துப் பாத்தது போதும், அடுப்பைப் பத்தவைக்கச் சொல்லு. கொழம்புல உப்பைப் பாத்துப் போடச் சொல்லு."